கெட்ட புத்தியாலும் கடவுளுக்குச் சேவை: யூத மரபின் இரண்டு யேட்ஸெர்கள்

போன மாதம் என் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். யூத மதம் பற்றிய குறிப்புகளுக்கு நடுவே ஒரு வரி: "யேட்ஸெர் ஹரா: கெட்ட புத்தி. ஒழிக்க வேண்டியது." நானே எழுதினதுதான். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தப்பு. சின்னத் தப்பாக இருந்தால் அடித்துத் திருத்திவிட்டுப் போயிருப்பேன். யூத ரபிகள் மனுஷனை எப்படிப் பார்த்தார்கள் என்பதையே அது தலைகீழாக்கிவிடுவதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'யேட்ஸெர்' என்பது உருவாக்குதல், வனைதல் என்று பொருள்படும் எபிரேய வேரிலிருந்து வருகிறது. மண்பாண்டம் வனைகிற குயவனுக்கும் அதே வேர்தான். மனதில் உருவாகிற எண்ணம், அது நம்மைத் தள்ளுகிற தள்ளல், இரண்டும் இந்தச் சொல்லுக்குள் அடக்கம். ஆதியாகமத்தில் ஜலப்பிரளயத்துக்கு முன்னும் பின்னும் இது வருகிறது. இரண்டு இடத்திலும் மனிதனின் யேட்ஸெர் கெட்டது என்றுதான் பேச்சு. ஆனால் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பென் சீரா, கடவுள் மனிதனைப் படைத்து அவனுடைய யேட்ஸெரின் கையிலேயே விட்டுவிட்டார் என்கிற பொருளில் எழுதுகிறார். அங்கே அந்தச் சொல் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மனிதனின் தேர்வு, அவ்வளவுதான்.

இதை இரண்டாகப் பிரித்துப் பேசியவர்கள் ரபிகள். யேட்ஸெர் ஹதோவ் நல்ல உந்துதல், யேட்ஸெர் ஹரா கெட்ட உந்துதல். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், பெராகோத் என்கிற பகுதியின் கடைசி அத்தியாயத்தில் நமக்கு வேண்டிய இடம் இருக்கிறது. யூதர்கள் தினமும் காலையும் மாலையும் சொல்கிற ஷெமாவில், முழு இருதயத்தோடு கடவுளை நேசிக்கச் சொல்லும் உபாகமக் கட்டளை வருகிறது. எபிரேயத்தில் இருதயத்துக்கு 'லேவ்' என்றும் சொல்லலாம், 'லேவாவ்' என்றும் சொல்லலாம். முதலாவதில் 'பேத்' என்கிற எழுத்து ஒன்று, இரண்டாவதில் இரண்டு. கட்டளையில் இருப்பது இரண்டு பேத் உள்ள வடிவம். ஒரு எழுத்துப் போதுமான இடத்தில் ஏன் இரண்டு? இரண்டு உந்துதல்களாலும் அவரை நேசிக்க வேண்டும் என்பதற்காக, என்கிறது மிஷ்னா.

எழுத்தை எண்ணி இப்படி அர்த்தம் எடுக்கிறது நமக்கு விளையாட்டு மாதிரித் தெரியலாம். அந்தப் பத்தி எப்படித் தொடங்குகிறது என்று பார்த்தால் விளையாட்டில்லை என்று புரியும். நல்லது நடந்தால் கடவுளை வாழ்த்துகிற மாதிரியே கெட்டது நடந்தாலும் வாழ்த்த வேண்டும் என்பதுதான் அதன் தொடக்கம். நல்லதுக்கு ஒரு கடவுள், கெட்டதுக்கு வேறொரு சக்தி என்று பங்கு பிரிக்கக்கூடாது. வெளியே நடப்பதற்கு எது விதியோ, உள்ளே இருக்கிற மனசுக்கும் அதுவே விதி.

1947ல் சாக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவு. அங்கே 'சமூக விதி' என்று அழைக்கப்படும் சுருளிலும் மனிதனுக்குள் இரண்டு ஆவிகள் உண்டு, இரண்டையும் வைத்தவர் கடவுள்தான். ஆனால் அவை ஒளியும் இருளுமாகக் கடைசிக் காலம் வரை மோதுகின்றன. இருளுக்கு அழிவுதான் முடிவு, அதற்கு ஒரு வேலையும் கிடையாது. மிஷ்னா அதற்கும் வேலை கொடுக்கிறது.

என்ன வேலை? இதற்குப் பதில் பிற்காலத்து ஆதியாகம ரப்பாவில் இருக்கிறது. படைப்பின் ஆறாம் நாளில் மட்டும் கடவுள் எல்லாவற்றையும் பார்த்து 'மிக' நன்றாயிருக்கிறது என்று கண்டதாக வருகிறது. அந்தக் கூடுதல் 'மிக' எதைக் குறிக்கிறது? யேட்ஸெர் ஹராவை, என்கிறார் ஒரு ரபி. அது இல்லாவிட்டால் ஒருத்தனும் வீடு கட்டமாட்டான், கல்யாணம் பண்ணமாட்டான், பிள்ளை பெறமாட்டான், வியாபாரத்துக்கு இறங்கமாட்டான் என்பது அவர் வாதம். உழைப்பெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் மேல் இருக்கிற பொறாமையில் பிறக்கிறது என்கிற பிரசங்கியின் கருத்தைத்தான் துணைக்கு இழுக்கிறார்.

தல்மூதில் யோமா பகுதியில் இதற்கு ஒரு கதையே உண்டு. பாபிலோனிலிருந்து திரும்பிய ஜனங்கள் உபவாசம் இருந்து, காம இச்சை என்கிற யேட்ஸெரைப் பிடித்துத் தரும்படி கேட்கிறார்கள். கிடைத்தும்விடுகிறது. மூன்று நாள் அடைத்து வைக்கிறார்கள். அந்த மூன்று நாளில் ஒரு நோயாளிக்குப் புது முட்டை வேண்டியிருக்கிறது. தேசம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கோழிகூட முட்டை போடவில்லை! கொன்றால் உலகமே நின்றுவிடும் என்று புரிந்துபோய், அதன் கண்களை மட்டும் குருடாக்கி விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் அதை என்னதான் பண்ணுவது? கடவுள் யேட்ஸெர் ஹராவைப் படைத்தார், கூடவே தோராவை 'தவ்லின்' ஆகப் படைத்தார் என்று கித்துஷின் பகுதி சொல்கிறது. இதை 'மாற்று மருந்து' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. ஆனால் தவ்லின் என்றால் சமையலில் போடுகிற மசாலா. மருந்து என்றால் எதிரே இருப்பது விஷம். மசாலா என்றால் எதிரே இருப்பது சமைக்க வேண்டிய உணவு. நான் நோட்டில் கோட்டைவிட்டது இந்த இடத்தைத்தான்.

இங்கே ஒரு ஆபத்து இருப்பது உங்களுக்கும் தோன்றியிருக்கும். கெட்ட உந்துதலாலும் கடவுளுக்குச் சேவை செய்யலாம் என்றால், பாவம் செய்தே சேவை செய்யலாமா? கூடாது என்று ரபிகள் முன்பே கோடு போட்டிருக்கிறார்கள். கூடாரப் பண்டிகையில் கையில் ஏந்துகிற பேரீச்சங்குருத்தோலை திருட்டுப் பொருளாக இருந்தால் அந்தக் கடமை நிறைவேறியதாகாது. குற்றத்தின் வழியே வருகிற புண்ணியம் புண்ணியம் இல்லை என்கிறது தல்மூத். உந்துதலைக் கொண்டு வரலாம், திருட்டைக் கொண்டு வரக்கூடாது.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி உண்டு. 1665ல் சபதாய் ஸ்வி மேசியா என்று அறிவிக்கப்பட்டார். சட்டம் தடுத்ததை வேண்டுமென்றே செய்தவர் அவர். 1666ல் சுல்தான் முன்னால் நிறுத்தப்பட்டபோது இஸ்லாத்துக்கு மாறினார். பெரும்பாலோர் நம்பிக்கை உடைந்து விலகினார்கள். மிச்சம் இருந்தவர்களில் சிலர், தீமைக்குள் இறங்கித்தான் அதை மீட்க வேண்டும் என்று அதற்கும் ஒரு தத்துவம் கண்டுபிடித்தார்கள். அடுத்த நூற்றாண்டில் போலந்தில் யாக்கோப் ஃபிராங்க் அதை இன்னும் தூரம் கொண்டுபோனார். கெர்ஷோம் ஷோலெம் 1937ல் இவர்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தது அந்தத் தல்மூத் சொற்றொடரைத்தான்.

அதற்குப் பிறகு வந்த ஹசிதிய இயக்கத்தில், ஜெபத்தின்போது வருகிற கெட்ட எண்ணங்களை மேலே உயர்த்தலாம் என்கிற போதனை பால் ஷேம் தோவின் வட்டத்தில் இருந்தது. ஆனால் லியாதியின் ஷ்னேயுர் சல்மான், 1796ல் அச்சான தன்யாவில், சாதாரண ஆட்கள் அந்த வேலைக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கிறார். தானே கீழே கிடப்பவன் எதையும் மேலே தூக்க முடியாது என்பது அவர் தர்க்கம். அவர்களுக்கு அவர் சொல்லும் வழி, எண்ணத்தை விலக்கிவிட்டு ஜெபத்தைத் தொடர்வது. அப்படி விலக்குவதிலேயே கடவுளுக்கு மகிழ்ச்சி உண்டு என்கிறார். இனிப்பு மட்டும்தான் ருசியா? காரமும் புளிப்பும் பக்குவமாகச் சமைத்தால் ருசிதானே? மறுபடியும் சமையல்.

கடைசியாக ஒரு உண்மை. இந்தக் கட்டுரை பிறந்ததே பொறாமையில்தான். நண்பர் ஒருவர் யூத வரலாறு பற்றி அருமையாக எழுதியிருந்தார். ரெண்டு நாள் தூக்கம் வரலை. அப்புறம்தான் பழைய நோட்டை எடுத்தேன். அவர் எழுதினதில் ஒரு பத்தியை லேசாக மாற்றி இங்கே போட்டுக்கொள்ளலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. போடவில்லை. அது திருட்டுக் குருத்தோலை.

நோட்டில் "ஒழிக்க வேண்டியது" என்பதை அடித்துவிட்டு, "சமைக்க வேண்டியது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.