காதும் காதும் வைத்தாற்போல்

பாரிஸ் நகரத்து ஜவுளி வியாபாரி ஒருவர் பான் நெஃப் பாலத்தின் வளைவு ஒன்றுக்கு அடியில் தோண்டிக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். ஒரு சீமாட்டியின் வைரங்கள் அங்கே புதைந்திருப்பதாக நம்பித்தான் தோண்டினார். நம்பவைத்தது ஒரு கடிதம். இந்தச் செய்தியைப் பதிவு செய்தவர் விதோக். தாமே பலமுறை சிறையில் கிடந்து, பிறகு பாரிஸ் காவல்துறையின் துப்பறியும் பிரிவுக்குத் தலைவரான விசித்திர மனிதர். 1828-இல் வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக் குறிப்புகளில், பிசேத்ர் சிறைக் கைதிகள் நடத்திய கடிதத் தொழிலை அவர் விவரிக்கிறார். புரட்சிக்குப் பயந்து ஓடிய பிரபு ஒருவரின் வேலையாள் நான், ஓட்டத்தில் நகைப்பெட்டியை ஓரிடத்தில் போட்டுவிட்டோம், இடத்தைக் குறித்த படம் என் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டியை மீட்கச் சிறு தொகை வேண்டும் என்று கடிதம் போகும். இப்படி நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வரும் என்கிறார் விதோக். இன்று குறுஞ்செய்தியில் வலை வீசுகிறவர்கள் பொறாமைப்படக்கூடிய கணக்கு இது.

அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் தொழில் ஸ்பெயினுக்கு இடம் மாறி, 'ஸ்பானியக் கைதி' என்ற பெயரும் பெற்றுவிட்டது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வசதியாக இருந்தவர்களுக்கு ஸ்பெயினிலிருந்து கடிதங்கள் வந்தன. பணக்காரர் ஒருவர் அநியாயமாகச் சிறையில் வாடுகிறார், அவருடைய பெட்டியின் இரகசிய அறையில் பெரும்பணம் இருக்கிறது, ஆதரவற்ற மகளுக்கு ஒரு காப்பாளர் தேவை. சில நாளில் சிறைப் பாதிரியார் எழுதுவார்: கைதி இறந்துவிட்டார், பெண்ணை அனுப்பிவைக்கச் செலவுக்குப் பணம் வேண்டும். கூடவே முத்திரை குத்திய போலி நீதிமன்றத் தாள்கள் வரும். இவ்வளவு சிங்காரத்துக்கு நடுவே ஒரு வரி மட்டும் தவறாமல் இருக்கும்: இதை எவரிடமும் சொல்ல வேண்டாம்.

அந்த வரிதான் இந்தத் தொழிலின் மூலதனம் என்பது என் கட்சி. கதை மாறும், தபால் தந்தியாகும், தொலைநகலாகும், மின்னஞ்சலாகும், வீடியோ அழைப்பாகும். காரியத்தைக் காதும் காதும் வைத்தாற்போல் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் மாறியதில்லை. மனைவியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ கடிதத்தைக் காட்டியிருந்தால், அந்த ஜவுளி வியாபாரி மண்வெட்டியைத் தூக்கியிருக்க மாட்டார். அவர்கள் அவரைவிட அறிவாளிகளாக இருக்க வேண்டியதில்லை. கதைக்கு வெளியே நின்றாலே போதும்.

பேராசைக்காரன்தானே ஏமாறுகிறான் என்று உடனே ஒரு குரல் எழும். நம் ஊர்ப் பேச்சில் ஏமாந்தவருக்கு அனுதாபத்தைவிட ஏளனமே அதிகம் கிடைக்கிறது. ஆசைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தகப்பனில்லாப் பெண்ணுக்கு இரங்கிப் பணம் அனுப்பியவரை ஆசைக்காரர் என்று தள்ளிவிட முடியாது. முட்டாள்தனம் என்ற விளக்கமும் நிற்கவில்லை. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419-ஆம் பிரிவு அந்நாட்டிலிருந்து கிளம்பிய முன்பண மோசடிக்கே பெயராகிப்போனது. அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்றில் சிக்கியவர் கிராமத்துப் பாமரர் அல்லர், பிரேசிலில் நோரோயெஸ்தே வங்கியின் இயக்குநர். 1990-களின் பின்பாதியில், அபுஜாவில் கட்டப்படாத ஒரு விமான நிலையத்தின் பெயரில் 24.2 கோடி டாலர் போயிற்று. அந்த வங்கியை ஸ்பெயினின் சாந்தாந்தேர் வாங்க வந்தபோது, இவ்வளவு பணம் ஏன் கேமன் தீவுக் கணக்கில் கிடக்கிறது என்று வெளியாள் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் குட்டு வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012-இல் எழுதிய கட்டுரையையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். நைஜீரிய மின்னஞ்சல்கள் அவ்வளவு அபத்தமாக இருப்பது வேண்டுமென்றேதான், சந்தேகப்படுகிறவர்களை முதல் வரியிலேயே சல்லடை போட்டுக் கழித்துவிடும் உத்தி அது என்பது அவர் வாதம். அஞ்சல்தலை வாங்கிய காலத்தில் செலவு கடிதத்தில் இருந்தது. மின்னஞ்சலில் செலவெல்லாம் பதில் போடுகிறவரோடு மல்லுக்கட்டும் நேரத்தில் இருக்கிறது.

இன்றைய 'டிஜிட்டல் கைது' அந்தச் சல்லடையைத் தூக்கி எறிந்துவிட்டது. ஆசையின் இடத்தில் அச்சம் வந்து உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது, உங்கள் ஆதாரில் கறுப்புப்பணக் கணக்கு இருக்கிறது என்று சீருடைக்காரர் வீடியோவில் மிரட்டுகிறார். கேமராவை அணைக்கக்கூடாது, வீட்டாரிடம் பேசக்கூடாது. இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு கைதே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் சொல்ல வேண்டியதாயிற்று. இருநூறு ஆண்டில் நடந்த மாற்றத்தைக் கவனியுங்கள்: அன்று கடிதம் எழுதியவன் கைதி, இன்று அழைப்பை எடுத்தவர் கைதி. ஆனாலும் மறுமுனையில் கைதிகள் இல்லாமல் போய்விடவில்லை. மியான்மரிலும் கம்போடியாவிலும் மோசடிக் கூடங்களில், வேலை என்று நம்பிப்போய் அடைபட்டவர்கள் நாள் முழுக்கத் தூண்டில் போடுகிறார்கள். 2022-இல் மியான்மரிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கியவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு.

2024-இல் லூதியானாவில் சிக்கியவரும் ஜவுளிக்காரர்தான். பெரிய நூற்பாலைக் குழுமத்தின் தலைவர், எண்பது வயதைக் கடந்தவர். போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடத்திக் காட்டி 7 கோடி ரூபாயைக் கறந்தார்கள். வெளியே சொன்னால் சிறை என்று மிரட்டியும் இருந்தார்கள். அவர் தம் நிறுவனத்தின் மூத்த அலுவலர் ஒருவரிடம் வாய்திறந்த பிறகுதான் மாயம் கலைந்தது. புகார் விரைவாகப் போனதால் 5.25 கோடி திரும்பக் கிடைத்தது. பணம் கைமாறிய உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்கச் சொல்வதன் காரணமும் இதுவே: கணக்குவிட்டுக் கணக்குத் தாவும் பணத்தை முதல் சில மணி நேரத்தில்தான் மறித்து நிறுத்த முடியும்.

சிம் அட்டையை நகலெடுத்தோ, கைப்பேசிக்குள் வேவுச் செயலியைப் புகுத்தியோ திருடினால் யாரிடம் சொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். நியாயம்தான். அது பூட்டை உடைத்த திருட்டு, அதற்குப் பூட்டுத்தான் மருந்து. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையும், வங்கி மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாத அத்தகைய இழப்பை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்கிறது. தன் கையாலேயே பணத்தை அனுப்பிவிட்டவருக்கு அந்தக் குடை கிடையாது. ஆகவே கதைக்கு வெளியே நிற்கும் மூன்றாம் ஆள் அவருக்குத்தான் மிகவும் தேவை. பிள்ளைகள் வெளிநாட்டில், துணை காலமாகிவிட்டார், அறிவுரை கேட்க ஆளில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு "யாரிடமாவது சொல்லுங்கள்" என்பது வெறும் உபதேசம். அந்த இடத்தில் மூன்றாம் ஆளாக நிற்க வேண்டியது வங்கியும் அரசும்.

என் பணத்தை நான் யாருக்கு அனுப்பினால் உனக்கென்ன என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. அதை அலட்சியப்படுத்தக்கூடாது. ஆனால் நடுவில் கை நீட்டும் அதிகாரம் புதிதன்று. அமெரிக்கா 1872-லேயே தபால் மோசடியைத் தனிக் குற்றமாக்கி, மோசடிக்காரன் பெயருக்குப் போகும் பதிவுத் தபால் கடிதங்களை அனுப்பியவருக்கே திருப்பிவிடும் உரிமையை அஞ்சல் துறைக்குத் தந்தது. சிங்கப்பூர் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய சட்டம் அதன் பேரப்பிள்ளை. மோசடி என்று எவ்வளவு சொல்லியும் கேளாமல் பணம் அனுப்பத் துடிப்பவரின் வங்கிக் கணக்கை 30 நாள் கட்டிவைக்க அங்கே காவல்துறை உத்தரவிடலாம். மற்ற வழிகள் எல்லாம் பலிக்காதபோது மட்டுமே அந்த உத்தரவு. அந்த நாட்களில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வேண்டிய தொகையை அவர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். கேட்பதற்கு அவர் ஒரு மனிதரிடம் பேசியாக வேண்டும்.