டாட்டிங் லேஸ்: பெயர் தெரியாத ஒருவர் தந்த முடிச்சு

காபி டம்ளருக்கு அடியில் வைக்கிற கோஸ்டர் எல்லாருக்கும் தெரியும். அதை வெறும் நூலில், முடிச்சு போட்டே செய்கிறவர்கள் உண்டு. அந்த வேலைக்குப் பெயர் டாட்டிங். தறி வேண்டாம், சட்டம் வேண்டாம். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஷட்டில், ஒரு நூல்கண்டு, பத்து விரல். அவ்வளவுதான்!

நெசவில் ஷட்டிலை ஓடம் என்று சொல்வது உண்டு. ஜெர்மன்காரர்களும் டாட்டிங்கை 'குட்டிப் படகு வேலை' என்றே சொல்கிறார்கள். பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'ஃப்ரிவோலிதே', அதாவது உருப்படியில்லாத வேலை. இத்தாலியில் 'கியாக்கெரினோ', அரட்டைக்காரி என்கிற மாதிரி. (பெயர் வைத்தவர்கள் ஒரு வளையம்கூடப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள் போல.)

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகள் 'நாட்டிங்' என்று ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். நூலில் வரிசையாக முடிச்சு போட்டு, அந்தக் கயிற்றைத் துணிமேல் வைத்துத் தைப்பார்கள். பிரெஞ்சு இளவரசி மதாம் அதெலாயித் இப்படி முடிச்சு போடுவதை 1756ல் நத்தியே ஓவியமாக வரைந்தார். இங்கிலாந்தில் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஆல்பமார்ல் சீமாட்டியின் கையிலும் ஷட்டில் இருக்கிறது. இந்த நாட்டிங்கில் இருந்துதான் டாட்டிங் வந்தது என்பது பொதுவான கருத்து.

டாட்டிங்கில் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்றால், முடிச்சு எந்த நூலில் விழுகிறது என்பதில். ஒரு நூலைக் கைவிரல்களைச் சுற்றி வளையமாகப் பிடித்து, ஷட்டில் நூலால் அதன்மேல் முடிச்சு போடுகிறார்கள். முடிச்சு விழுகிற நொடியில் ஷட்டில் நூலை விறைப்பாக இழுத்து, கையில் சுற்றிய நூலைத் தளர்த்த வேண்டும். முடிச்சு அந்த நூலுக்குத் தாவிவிடும். தாவினால் ஷட்டில் நூல் உள்ளே வழுக்கிக்கொண்டு ஓடும். கடைசியில் இழுத்தால் சுருக்குக் கயிறு மாதிரி வளையம் மூடிக்கொள்ளும். தாவவில்லை என்றால் தலைகீழாக நின்றாலும் மூடாது. இப்படி இரண்டு பாதி முடிச்சு சேர்ந்தது ஒரு முழு முடிச்சு. இரண்டு முடிச்சுக்கு நடுவே கொஞ்சம் நூலை விட்டு நெருக்கினால் சின்னக் காது மாதிரி வளைந்து நிற்கும். அதற்குப் பெயர் பிக்கோ.

சரி, வளையம் போட்டாயிற்று. ஒன்றை இன்னொன்றோடு எப்படிச் சேர்ப்பது? 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இதற்கு நல்ல பதில் இல்லை. வளையங்களைத் தனித்தனியாகச் செய்து, பிறகு ஊசி நூலால் கட்டினார்கள். 1850ல் லண்டனில் மத்மசெல் ரியேகோ தெ லா பிராஞ்சார்தியேர் என்ற பெண்மணி ஷட்டிலுக்குப் பதில் ஊசியைப் பயன்படுத்தி, வேலை நடக்கும்போதே பிக்கோ வழியாக வளையங்களை இணைத்துக் காட்டினார். நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றிக் கதிர்போலப் பிக்கோக்கள் என்ற சக்கர வடிவமும் அவருடையதுதான் என்கிறார்கள்.

அடுத்த வருஷமே, 1851ல், ஒரு சின்னப் புத்தகம் வந்தது. டாட்டிங்கை எளிதாகச் செய்வது எப்படி, ஷட்டிலைக் கொண்டே இணைப்பது எப்படி என்று தலைப்பிலேயே சொல்கிற புத்தகம். பக்கத்து வளையத்தின் பிக்கோ வழியாக நூலை வெளியே இழுத்து, அந்தக் கண்ணிக்குள் ஷட்டிலை நுழைத்து இறுக்கு. முடிந்தது! இன்றும் அடிப்படை இதேதான். எழுதியவர் யார்? பெயர் இல்லை.

ரியேகோ தன் பெயரில் வரிசையாகப் புத்தகங்கள் போட்டார். 1887ல் இறந்தபோது அயர்லாந்து லேஸ் வளர்ச்சிக்குப் பணமும் எழுதி வைத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஷட்டில் இணைப்பைச் சொல்லிக்கொடுத்தவருக்கு அதில் என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. 1852 சட்டம் வரும்வரை பிரிட்டன் முழுக்கச் செல்லும் காப்புரிமை வாங்க 300 பவுனுக்கு மேல் ஆகும். ஒரு முடிச்சுக்காக அவ்வளவு செலவு செய்ய யாரால் முடியும்? புத்தகத்தை அச்சிட்டதும் முடிச்சு ஊர் சொத்தாகிவிட்டது. அதே காலத்தில் அயர்லாந்தின் ஆர்டியில், பஞ்ச நாட்களில், டாட்டிங் வயிற்றுப்பாட்டுக்கான வேலையாக இருந்தது. லேஸைத் துண்டுக் கணக்கில் விற்றுச் சாப்பிடுகிறவருக்கு, ஊசிவேலை மிச்சமானால் அத்தனையும் வருமானம்.

1860களில் செயின் வந்தது. இரண்டாவது நூல் ஒன்றைச் சேர்த்து, வளையத்தை மூடாமல் வில் மாதிரி முடிச்சு வரிசை போடுவது. இதற்கு முன்னால் வளையங்களுக்கு நடுவே வெறும் நூல்தான் தெரியும்.

இந்த இரண்டும் கிடைத்த பிறகு கோஸ்டரைத் திட்டமிடுவது கணக்கு வேலை. நடு வளையத்தில் 12 பிக்கோ வைத்தால், இரண்டாம் சுற்றில் 12 வளையங்கள், ஒவ்வொன்றும் ஒரு பிக்கோவைப் பிடித்துக்கொள்ளும். வளையங்களுக்கு நடுவே செயின். செயினில் விட்ட பிக்கோக்களை மூன்றாம் சுற்று பிடிக்கும். ஆரம் 2 செ.மீ.யில் இருக்கும்போது சுற்றளவு சுமார் 12.5 செ.மீ. அதுவே 4 செ.மீ. ஆனால் சுமார் 25. அதற்கு ஏற்றபடி முடிச்சு கூடாவிட்டால் ஓரம் மேலே எழும்பிக் கிண்ணமாகும். அதிகமானால் பாவாடைக் கொசுவம் மாதிரி அலை அலையாக நிற்கும். இரண்டிலும் டம்ளர் சாயும்.

ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் நூலை வெட்டி, இரண்டு நுனிகளையும் முடிச்சுகளுக்குள் ஒளித்து வைப்பதுதான் பழைய வழக்கம். ஐந்து சுற்று என்றால் பத்து நுனி. டாட்டிங் செய்கிறவர்களுக்குப் பிடிக்காத வேலை இதுதான். அதனால் இப்போது இரண்டு ஷட்டில் வைத்து, சுற்றின் கடைசி வளையத்தைப் பாதி ஒரு நூலாலும் மீதியை இன்னொரு நூலாலும் போட்டு, நூலை வெட்டாமலே அடுத்த சுற்றுக்கு ஏறிவிடுகிறார்கள்.