கொண்டது விடாமை: ‘எ ஷாட் இன் தி டார்க்’ திரைப்படத்தில் துப்பறிதலும் நகையும்

முன்னுரை

காரிலிருந்து இறங்கும் காவல்துறை இன்ஸ்பெக்டர், மாளிகையின் முற்றத்தில் உள்ள நீரூற்றுத் தொட்டிக்குள் விழுகிறார். எழுந்து, நனைந்த உடையோடு வீட்டுக்குள் போய், எதுவுமே நடவாததுபோல் கொலை வழக்கின் விசாரணையைத் தொடங்குகிறார். பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கி 1964இல் வெளிவந்த ‘எ ஷாட் இன் தி டார்க்’ படத்தில், பீட்டர் செல்லர்ஸ் ஏற்று நடித்த ஜாக் க்ளூசோ வழக்குக்குள் காலடி வைக்கும் விதம் இது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இப்படம் சிரிக்க வைக்கிறது. சிரிப்போடு அந்த மனிதர்மீது ஒரு பரிவையும் எழுப்புகிறது. தடுக்கி விழுவதும் இடித்துக்கொள்வதும் திரைப்படம் தோன்றிய காலம் தொட்டே இருந்துவருபவை. ஆகவே விழுவது மட்டும் இந்த ஈர்ப்பை விளக்கிவிடாது. விழுந்த பிறகும் தாம் பற்றியதை க்ளூசோ விடுவதில்லை. படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நிலைக்களனாகக் கூறும் நான்கனுள் ஒன்றான ‘மடன்’ இதற்குப் பொருத்தமான ஆய்வுக் கருவியாகிறது.

பேதை இடம் மாறிய கதை

இப்படத்தின் மூலத்தில் க்ளூசோ இல்லை. பிரெஞ்சு நாடகாசிரியர் மார்செல் அஷார் 1960இல் தந்த ‘லிடியோத்’ நாடகத்தை ஹாரி குர்னிட்ஸ் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்; அது 1961இல் நியூயார்க்கின் பிராட்வே மேடை ஏறியது. செல்வர் வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி கொலைப்பழிக்கு ஆளாகிறாள். அவளை ஒரு நீதித்துறை அதிகாரி விசாரிக்கிறார். மூல நாடகத்தின் தலைப்புக்கே ‘பேதைப் பெண்’ என்றுதான் பொருள். அங்கே பேதையாகக் கருதப்படுபவள் குற்றம் சாட்டப்பட்டவள், விசாரிப்பவர் அறிவுள்ளவர்.

எட்வர்ட்ஸும் வில்லியம் பீட்டர் பிளாட்டியும் திரைக்கதை எழுதியபோது இந்த அமைப்பைத் தலைகீழாக்கினர். ‘தி பிங்க் பாந்தர்’ (1963) படத்தில் க்ளூசோ ஏற்கெனவே தோன்றியிருந்தார். ஆனால் அது டேவிட் நிவன் நடித்த கனவான் திருடனை முன்னிறுத்திய படம். பீட்டர் உஸ்தினோவ் விலகிக்கொண்டதால்தான் செல்லர்ஸுக்கு அந்த வேடமே கிடைத்தது. அந்தத் துணைப்பாத்திரத்தை எடுத்து நாடகத்தின் நடுவே நிறுத்தியபோது, பேதையின் இடம் பணிப்பெண்ணிடமிருந்து துப்பறிபவருக்கு மாறியது. இந்த ஒரு மாற்றம் கதையின் அறத்தையே மாற்றிவிட்டது.

பேசும் பொருளும் எதிர்க்கும் பொருளும்

துப்பறியும் கதையில் பொருள்கள் பேசும். சிகரெட் சாம்பல், சேறு படிந்த காலணி, நின்றுபோன கடிகாரம் எல்லாம் அறிவாளியின் முன்னே சாட்சி சொல்லும். உடலைக் கொண்டு சிரிக்க வைக்கும் படங்களில் அதே பொருள்கள் மனிதனை எதிர்க்கும். இந்த இரண்டு மரபுக்கும் அடிப்படை ஒன்றே: மனிதனுக்கும் அவனைச் சூழ்ந்த பொருள்களுக்கும் உள்ள உறவு. பஸ்டர் கீட்டன் 1924இல் எடுத்த ‘ஷெர்லாக் ஜூனியர்’ இந்த உறவை முன்பே தொட்டிருந்தது. எட்வர்ட்ஸின் படம் அதை விசாரணை அறைக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறது.

பில்லியர்ட்ஸ் அறைக் காட்சியைக் கூர்ந்து பார்க்கலாம். வீட்டின் உரிமையாளரும் கோடீஸ்வரருமான பெஞ்சமின் பலோனாக ஜார்ஜ் சாண்டர்ஸ் நடிக்கிறார். ஆட்டத்தினூடே அவரை விசாரிக்க எண்ணும் க்ளூசோ ஒரு கோலை எடுக்கிறார். அது பந்துகளைச் சுற்றி அடிப்பதற்காக வளைத்துச் செய்யப்பட்ட கோல். கையில் எடுத்த பிறகும் அவருக்கு வளைவு தெரியவில்லை. குறிபார்க்கிறார், அடிக்கிறார், மேசையின் பச்சைத் துணி கிழிகிறது. கோலை அதன் தாங்கியில் திரும்ப வைக்கப் போனால், அங்கிருந்த மற்றக் கோல்களும் சரிந்து அவரைச் சுற்றிக்கொள்கின்றன. கடைசியில் விடைபெற்றுக் கம்பீரமாகத் திரும்பி, கதவென்று எண்ணிச் சுவரில் மோதுகிறார். பழியைக் கட்டடக் கலைஞர்மீது போட்டுவிட்டு வெளியேறுகிறார்.

எதிரிலிருக்கும் வளைந்த கோலைக் காணமுடியாத ஒருவர்தான் மறைந்திருக்கும் கொலையாளியைக் காணப் புறப்பட்டவர். காட்சியின் நுட்பம் இந்த முரணில் இருக்கிறது. எட்வர்ட்ஸ் இதை அண்மைக் காட்சிகளாகத் துண்டு போடவில்லை. அகன்ற சட்டகத்துக்குள் மனிதரையும் மேசையையும் கோலையும் ஒருசேர வைத்துக் காத்திருக்கிறார். பலோன் முகம் சுளிக்காமல் நிற்கிறார். அவருடைய அந்த அமைதிதான் சிரிப்பை வளர்க்கிறது.

பேதைமையா, மடனா?

ஆன்ரி பெர்க்சன் 1900இல் வெளியிட்ட சிரிப்பு பற்றிய நூலில், உயிருள்ள மனிதனிடம் இயந்திரத்தன்மை படிவதே நகைப்பின் தோற்றுவாய் என்றார். அவ்விறுக்கத்தைத் திருத்தச் சமூகம் தரும் தண்டனையே சிரிப்பு என்பது அவர் முடிவு. நீரூற்றுக் காட்சியை இக்கொள்கை நன்றாக விளக்கும். ஆனால் படத்தில் வேறொரு தண்டனையும் திரும்பத் திரும்ப வருகிறது. கொலைப்பழிக்கு ஆளான பணிப்பெண் மரியாவைப் பின்தொடர மாறுவேடம் போடும் க்ளூசோ, உரிமம் இல்லாமல் பலூன் விற்றதாகச் சீருடைக் காவலரிடம் சிக்குகிறார். அடுத்து ஓவியராக வந்தும் அதே கதி. சைரன் அலற அவரை ஏற்றிய காவல் வண்டி ஒவ்வொரு முறையும் நம் கண்முன் கடந்துபோகிறது. சமூகம் அவரை மறுபடி மறுபடி தண்டிக்கிறது. அவரோ ஒருமுறையும் திருந்துவதில்லை. அவர் திருந்தவேண்டும் என்று நாமும் விரும்புவதில்லை. பெர்க்சனின் கொள்கை இந்த இடத்தில் போதாமற்போகிறது.

தொல்காப்பியர் நகையின் நிலைக்களன்களில் பேதைமையையும் மடனையும் தனித்தனியே எண்ணுகிறார். அறியாமை பேதைமை. மடனோ, ஊட்டப்பட்டதை ஏற்றுக்கொண்டு பின் அதை விடாதிருத்தல் என்று உரை மரபு விளக்கும். இவ்வேறுபாடு க்ளூசோவைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுகிறது. கோலின் வளைவைக் காணாதது பேதைமை. கோல்கள் மேலே சரிந்தபோதும் தாம் பிரெஞ்சுக் காவல்துறையின் அதிகாரி என்னும் நிமிர்வை விடாதது மடன். முன்னது நம்மைச் சிரிக்க மட்டும் வைக்கிறது. பின்னதுதான் அவர்பால் நம்மை இழுக்கிறது.

ஹெர்பர்ட் லோம் நடித்த மேலதிகாரி ட்ரேஃபஸ் இதற்கு நேர் எதிர்நிலை. அவர் ஒழுங்கானவர், தர்க்கம் அறிந்தவர், சான்றுகளைச் சரியாகவே படிப்பவர். உலகம் தம் தர்க்கத்துக்குள் அடங்காதபோது அவரது இமை துடிக்கிறது. சுருட்டு வெட்டும் கருவியில் விரலைக் கொடுத்துவிடுகிறார். இறுதியில் க்ளூசோவைக் கொல்லத் துணிந்து, குறி தவறி வேறு உயிர்களைப் பறிக்கிறார். பகுத்தறிவு உடைகிறது, மடன் உடையாமல் நிற்கிறது.

சான்றும் நம்பிக்கையும்

எல்கே சோமர் நடித்த மரியா காம்பிரெல்லி ஒவ்வொரு கொலையின் போதும் பிணத்தருகே காணப்படுகிறாள். முதலில் கையில் துப்பாக்கி. பிறகு தோட்டக் கத்தரி. சான்று ஒவ்வொன்றும் அவளையே சுட்டுகிறது. அவள் குற்றமற்றவள் என்று க்ளூசோ ஒருவரே சொல்கிறார். ஒவ்வொரு முறையும் அவளை விடுவிக்கிறார்.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: அவர் அப்படிச் சொல்வது அவள் அழகில் மயங்கியதால்தானே, அறத்தால் அல்லவே என்று கேட்கலாம். மறுப்பு நியாயமானது. படமும் அவருடைய மயக்கத்தை மறைக்கவில்லை. மடன் ஞானமாகக் கனிந்துவிட்டதாகவும் காட்டவில்லை. ஆனால் சான்றுகள் எங்கே பிறக்கின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு கோடீஸ்வரர் மாளிகையில், ஒரு பணிப்பெண்ணின் கையில், ஆயுதம் திரும்பத் திரும்ப வந்து சேர்கிறது. அத்தகைய வீட்டில் சான்றும் உடைமையில் ஒன்று. அதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க வல்லவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஒழுங்கான அதிகாரி அச்சான்றைப் படித்துப் பணிப்பெண்ணைச் சிறைக்கு அனுப்பியிருப்பார். ட்ரேஃபஸ் அதைத்தான் விரும்பினார். சான்றைப் படிக்கத் தெரியாத ஒருவரால்தான் அவள் பிழைக்கிறாள்.

இறுதியில் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டும் மரபார்ந்த காட்சி வருகிறது. அங்கே க்ளூசோவின் அனுமானம் எதையும் வெளிக்கொணர்வதில்லை. கூடியிருப்பவர்களே ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுச் சண்டையிட, குற்றம் ஒருவருடையது அன்று, பலருடையது என்று தெரியவருகிறது. குற்றவாளி ஒருவரைப் பிரித்தெடுத்து வெளியே நிறுத்தினால் மற்றவர்கள் தூயவராகிவிடுவர் என்பது துப்பறியும் கதையின் பழைய உறுதிமொழி. இப்படம் அதை மறுக்கிறது. தூயவளாக மிஞ்சுபவள், முதலிலிருந்தே குற்றவாளி என்று சொல்லப்பட்டவள்.

முடிவுரை

எட்வர்ட்ஸ் படத்தை வெற்றி முழக்கத்தோடு முடிக்கவில்லை. க்ளூசோவும் மரியாவும் ஒருவழியாக முத்தமிடும் வேளையில், பணியாளர் கேட்டோ அவர்கள்மேல் பாய்கிறார். எந்நேரமும் எதிர்பாராமல் தாக்கித் தம்மை விழிப்போடு வைத்திருக்கவேண்டும் என்பது க்ளூசோவே அவருக்கு இட்ட கட்டளை. நேரம் பார்க்காமல், இடம் பார்க்காமல், கேட்டோ அக்கட்டளையைக் காப்பாற்றுகிறார். மடன் இப்போது தலைவனிடமிருந்து பணியாளனுக்கும் பரவியிருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் நீரில் விழுந்தவர் கடைசியிலும் வீழ்த்தப்படுகிறார். நாம் சிரிக்கிறோம். நிரபராதியான ஒரு பெண்ணை வெளியே கொண்டுவந்ததும், காதலர் நடுவே பாய்ந்து விழுவதும் ஒரே குணம்தான் என்று அறிந்தே சிரிக்கிறோம். கொண்டதை விடாத மனிதரிடம் இவ்விரண்டையும் சேர்த்தே ஏற்கவேண்டியிருக்கிறது. அந்த ஏற்பைத்தான் இப்படம் நம்மிடம் சிரிப்பாகப் பெற்றுக்கொள்கிறது.