ஏழு பிட் பாதையில் இணைப்புக் கோப்புகள்

மின்னஞ்சலுடன் படத்தையோ ஒலிப்பதிவையோ இணைத்து அனுப்புவது இன்று மிக எளிய செயலாகிவிட்டபோதிலும், அந்தக் கோப்பு உண்மையில் கோப்பாகப் பயணம் செய்வதில்லை. அனுப்பும் இடத்தில் அது வெறும் எழுத்துகளாக மாற்றப்பட்டு, கடிதத்தின் உடலுக்குள்ளேயே வரிவரியாக எழுதப்பட்டு, பெறும் இடத்தில் மீண்டும் கோப்பாக்கப்படுகிறது. இந்த ஏற்பாடு, கட்டளைகளைத் தட்டச்சு செய்தே பலரும் கணினியை இயக்கிவந்த காலத்தில், ஓரிரு பணிகளை மட்டும் செய்யும் சிறு நிரல்களின் வழியாக உருவானது.

1965-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பொதுக் கணினியில் டாம் வான் விளெக்கும் நோயல் மாரிஸும் எழுதிய 'மெயில்' கட்டளை, அதே கணினியின் பயனர்களுக்கிடையே மட்டும் செய்தி கொண்டு சென்றது. 1971-இல் ரே டாம்லின்சன் வலைப்பின்னலால் இணைந்த வெவ்வேறு கணினிகளுக்கிடையே கடிதம் செல்ல வழிசெய்தார். இவை யாவும் ஆங்கில உரைக்காகவே அமைந்தவை. 1982-இல் ஜான் போஸ்டல் தொகுத்த எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் நெறிமுறையும், ஓர் எழுத்துக்கு ஏழு பிட் மட்டுமே கொண்ட ஆஸ்கி குறியீட்டையே ஏற்றது. படமும் ஒலியும் நிரலும் எட்டு பிட்டுகள் கொண்ட பைட்டுகளால் ஆனவை என்பதால், அவற்றுக்கு இந்தப் பாதையில் இடமில்லை.

இந்தத் தடைக்கு முதலில் பரவலான விடையளித்தவர், 1980-இல் பெர்க்லியில் 'யூயூஎன்கோட்' என்னும் கட்டளையை எழுதிய மேரி ஆன் ஹார்ட்டன். மூன்று பைட்டுகளின் 24 பிட்டுகளை ஆறு ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அச்சிடத்தக்க ஓர் எழுத்தாக்கினால், மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாகிவிடும் என்பதே அதன் உள்ளியக்கம். கோப்பின் பெயரைத் தாங்கிய தொடக்க வரியும் முடிவைக் குறிக்கும் வரியும் சேர்க்கப்பட்டன. பெறுபவர் கடிதத்தைச் சேமித்து, 'யூயூடிகோட்' கட்டளையை அதன்மீது ஏவினால் மூலக் கோப்பு கிடைத்தது. பெரிய கோப்புகள் பல கடிதங்களாக வெட்டப்பட்டு வந்ததால், பெறுபவர் அவற்றை வரிசை பிசகாமல் ஒட்டவேண்டியிருந்தது. ஒரு துண்டு தொலைந்தாலும் கோப்பு கெட்டது. இடைவெளியையும் இம்முறை ஓர் எழுத்தாகக் கொண்டது அதன் பெருங்குறை: வரியின் இறுதி இடைவெளிகளைச் சில அஞ்சல் நிரல்கள் நீக்கிவிட்டன, எப்சிடிக் என்னும் வேறு குறியீட்டைக் கையாண்ட ஐ.பி.எம். பெருங்கணினிகளைக் கடக்கும்போது சில குறிகள் உருமாறின.

கடிதத்தைக் கையாளும் முறையிலும் மாற்றம் நிகழ்ந்தது. பல அமைப்புகள் எல்லாக் கடிதங்களையும் ஒரே நீண்ட கோப்பில் சேர்த்துவைத்த வேளையில், ராண்ட் நிறுவனத்தில் புரூஸ் போர்டன் 1979-இல் உருவாக்கிய 'எம்.எச்.' தொகுப்பு ஒவ்வொரு கடிதத்தையும் தனிக் கோப்பாக்கியது. வந்த கடிதங்களை எடுக்க ஒரு கட்டளை, பட்டியலிட ஒன்று, படிக்க ஒன்று, வேறு கோப்புறைக்கு மாற்ற ஒன்று எனப் பணிகள் பிரிந்தமையால், யூனிக்ஸ் இயங்குதளத்தின் தேடல், வரிசைப்படுத்தல் கட்டளைகள் அனைத்தும் அஞ்சலுக்கும் பயன்பட்டன. அஞ்சல் நிரல் வடிவமைப்பில் இதைவிடத் தெளிவான சிந்தனை அக்காலத்தில் அரிது.

1992 ஜூனில் நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வெளியிட்ட 'மைம்' நெறிமுறை இணைப்புகளுக்கு முறையான இலக்கணம் வகுத்தது. கடிதம் பல பகுதிகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு பகுதியும் தான் படமா, ஒலியா, உரையா என்பதைத் தன் தலைப்பிலேயே அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் அனுப்பிய சோதனைக் கடிதத்தில், 'டெலிபோன் கார்ட்ஸ்' என்னும் நால்வர் பாடகர் குழுவின் படமும் பாட்டும் இருந்தன. பைட்டுகளை எழுத்தாக்க மைம் தேர்ந்த 'பேஸ்64' முறை, 52 ஆங்கில எழுத்துகளையும் பத்து இலக்கங்களையும் கூட்டல் குறி, சாய்கோடு ஆகிய இரண்டையும் மட்டுமே கொண்டது. எப்சிடிக் உள்ளிட்ட குறியீடுகளைக் கடந்தும் இவை சிதையவில்லை. கோப்பின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருகியதே அதற்குக் கொடுத்த விலை. பாதையை மாற்றச் சொல்லாமல் பொதியை மட்டும் மாற்றியதே மைமின் வெற்றிக்குத் தலையாய காரணம் எனக் கொள்ளவேண்டும். இடைவழியிலிருந்த எந்த அஞ்சல் கணினியும் அதற்காகத் திருத்தப்படவேண்டியிருக்கவில்லை. பழைய அஞ்சல் நிரல்களும் மைம் கடிதங்களைக் காட்டும்படி போரன்ஸ்டைன் 'மெட்டாமெயில்' என்னும் துணைநிரலை எழுதினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'எம்பேக்' இணைப்பைக் கட்டவும், 'மன்பேக்' அதைப் பிரிக்கவும் உதவின.

தமிழ்க் கடிதங்களும் இதே வழியில்தான் செல்லத் தொடங்கின. யூனிகோடின் யூ.டி.எஃப்-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகள் என்பதால், பேஸ்64-இல் அது சரியாக நான்கு எழுத்துகளாகிறது; அக்குறியீடுகள் யாவும் ஒரே பிட்டுகளில் தொடங்குவதால், தமிழ்ச் சொல்லில் தொடங்கும் கடித உடலின் பேஸ்64 வடிவம் எப்போதும் 4 என்ற இலக்கத்திலும் அதையடுத்து ஆங்கிலக் 'கே' எழுத்திலும் தொடங்குகிறது. எட்டு பிட்டுகளையும் அப்படியே கடத்தும் நெறிமுறை விரிவாக்கம் 1993-இலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. இருந்தும் இணைப்புக் கோப்புகள் இன்றளவும் பெரும்பாலும் பேஸ்64 வடிவிலேயே அனுப்பப்படுகின்றன.