ஹாட்ஜ்கின் நோய்: தீராப் பிணி தீர்ந்த வரலாறு

லண்டன் கைஸ் மருத்துவமனையின் அருங்காட்சியகப் பொறுப்பாளராகவும் பிணக்கூறாய்வாளராகவும் இருந்த தாமஸ் ஹாட்ஜ்கின், கழுத்திலும் அக்குளிலும் வயிற்றுக்குள்ளும் நெறிகட்டிகள் பெருத்து, மண்ணீரலும் வீங்கி இறந்துபோன ஏழு பேரைப் பற்றி எழுதிய கட்டுரை 1832 சனவரியில் அந்நகரின் மருத்துவ, அறுவைச் சங்கத்தில் படிக்கப்பட்டது. அதை அன்று எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நெறிகட்டி என்று வழக்கில் சொல்லப்படுவது நிணநீர்க்கணுவின் வீக்கம். திசுக்களில் கசியும் நிணநீர் மீண்டும் இரத்தத்தில் சேருமுன் அதிலுள்ள கிருமிகளை வடிகட்டும் சிறு உறுப்புகளே இக்கணுக்கள். அவற்றில் வாழும் நிணவணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதே லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய். கைஸ் மருத்துவமனையிலேயே பின்னர் பணியாற்றிய சாமுவேல் வில்க்ஸ், ஹாட்ஜ்கின் விவரித்த இவ்வகை லிம்போமாவைத் தாமும் தனித்துக் கண்டறிந்திருந்தபோதிலும், 1865 இல் அதற்கு முன்னவரின் பெயரையே சூட்டினார். இத்தகைய பெருந்தன்மை மருத்துவ வரலாற்றில் அடிக்கடி காணக்கூடியதன்று.

காசநோய் நெறிகட்டியிலிருந்து இதைப் பிரித்தறிய நுண்ணோக்கி தேவைப்பட்டது. வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் 1898 இலும், பால்டிமோரில் டோரதி ரீட் 1902 இலும் விவரித்த, பல உட்கருக்கள் கொண்ட பேரணுவே இந்நோயின் அடையாளம் என்றாயிற்று. ஆயினும் நோயை அடையாளம் காண முடிந்ததே தவிர, அதைத் தீர்க்க வழியிருக்கவில்லை. புதிதாக வந்த எக்ஸ் கதிரின் கீழ்க் கட்டிகள் விரைந்து கரைந்தன. சில மாதங்களில் அவ்விடத்திலோ அடுத்த கணுக்களிலோ மீண்டும் தலைதூக்கின. ஆகவே கதிர்ச்சிகிச்சை துன்பத்தைத் தணிக்குமேயன்றி நோயைப் போக்காது என்பது மருத்துவ நூல்களில் நிலைத்த கருத்தாகியது.

அக்கருத்தை உடைத்தது புதிய கருவியோ மருந்தோ அன்று; பொறுமையான கணக்கெடுப்பே. ஜெனீவாவின் ரெனே ஜில்பெர், வீங்கிய கணுக்களோடு நிற்காமல், நோய் பரவக்கூடிய அண்டைக் கணுக்களுக்கும் கதிர் செலுத்தும் முறையை வகுத்திருந்தார். டொரண்டோவில் அம்முறையில் சிகிச்சை பெற்றவர்களின் பதிவேடுகளை வேரா பீட்டர்ஸ் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்து 1950 இல் வெளியிட்டபோது, நோய் ஓரிடத்தில் மட்டும் இருந்த முதல் நிலையினரில் 79 விழுக்காட்டினர் பத்து ஆண்டுகள் கடந்தும் உயிரோடிருந்தது தெரியவந்தது. ஒவ்வொரு மருத்துவரும் தம் முன் மீண்டும் வந்து நின்ற நோயாளியை மட்டுமே கண்டு கைவிட்ட நோயை, வராமற்போனவர்களையும் தேடி எண்ணிய ஒருவர் தீரக்கூடியதென்று காட்டினார் எனலாம். அதன் பின்னரே, ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி காப்லான், நேர்கோட்டு முடுக்கி எனப்படும் கருவியால் உடலுக்குள் ஆழமாகப் பாயும் கதிரைக் கொண்டு, முறையான ஒப்பீட்டு ஆய்வுகளைச் சால் ரோசன்பெர்க்குடன் 1962 முதல் நடத்தினார்.

உடலெங்கும் பரவிய நோய்க்குக் கதிர் போதவில்லை. அதற்கான வழி போரிலிருந்து பிறந்தது. நச்சுவாயு ஆய்வின் கிளையாக, நைட்ரஜன் மஸ்டர்டு என்ற பொருளை யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மேனும் ஆல்ஃபிரெட் கில்மேனும் 1942 இல் லிம்போமா நோயாளி ஒருவருக்குச் செலுத்தச் செய்தனர். கட்டிகள் சுருங்கின, பின் திரும்பின. ஒரே மருந்துக்கு எஞ்சித் தப்பும் அணுக்களை, வெவ்வேறு வகையில் தாக்கும் நான்கு மருந்துகளைச் சேர்த்தளித்து அழிக்கலாம் என்று வின்சென்ட் டெவிட்டா முதலானோர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 1964 இல் முயன்றனர். 1970 இல் அவர்கள் வெளியிட்ட முடிவில், 43 பேரில் 35 பேருக்கு நோயின் தடயமே மறைந்திருந்தது. அந்நான்கில் ஒன்றான வின்கிரிஸ்டின், தமிழகத்தில் சுடுகாட்டு மல்லி என்று வீட்டு முற்றத்திலிருந்து ஒதுக்கப்படும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. இலைக்கும் வேருக்குமாக அச்செடி தென்மாவட்டங்களில் மருந்துக்கென்றே பயிரிடப்படுகிறது.

இம்மருந்துக் கூட்டு மலட்டுத்தன்மையையும், சிலருக்குப் பின்னாளில் இரத்தப் புற்றையும் விளைவித்தமையால், மிலானில் ஜியானி பொனடோனா 1975 இல் வேறொரு நான்கு மருந்துக் கூட்டை முன்வைத்தார்; பல நாடுகளில் இன்றளவும் அடிப்படையாக இருப்பது அதுவே. தொடக்க நிலையில் கண்டறியப்படும் ஹாட்ஜ்கின் நோயாளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் இன்று குணமடைகின்றனர். பிறவகை லிம்போமாக்களை இக்கணக்கில் சேர்த்தல் தவறு: வேகமாக வளரும் பெரும் பி அணு வகை, 1997 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிட்டுக்சிமாப் என்ற எதிர்ப்புப் புரதம் கீமோதெரபியோடு சேர்ந்த பின் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தீர்கிறது, மெல்ல வளரும் ஃபாலிக்குலர் வகையோ பெரும்பாலும் முற்றிலும் தீர்வதில்லை, எனினும் பலர் அதனோடு நெடுங்காலம் வாழ்கின்றனர்.

குணமடைந்தோர் முதுமை எய்தத் தொடங்கியபோதுதான் பழைய சிகிச்சையின் விலை புலப்பட்டது. மார்பு முழுவதும் பாய்ச்சிய கதிர் இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் இதயநோயாகவும் மார்பகப் புற்றாகவும் வெளிப்பட்டது. எனவே கதிரின் அளவும் பரப்பும் குறைக்கப்பட்டன, பலருக்கு அது முற்றிலும் தவிர்க்கப்படுகிறது. இளவயதில் மார்பில் கதிர்ச்சிகிச்சை பெற்ற பெண்கள், 25 வயது அல்லது சிகிச்சைக்குப் பின் எட்டு ஆண்டு, இவற்றுள் எது பிந்தியதோ அதுமுதல் ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.