ஆற்றுவாயும் அரண்வாயிலும்

கோட்டை என்னும் சொல்லைக் கேட்டதும் மாணவர் மனத்தில் எழுவது பெரும்பாலும் மேலைநாட்டுக் காட்சியே ஆகும். வானளாவிய கற்கோபுரம், ஆழ்ந்த அகழி, சங்கிலியால் இழுக்கப்படும் பாலம், இரும்புக் கவசம் பூண்ட வீரர் ஆகிய யாவும் வரிசையாக வந்து நிற்கும். உரோமர் என்றாலோ சலவைக்கல் தூண்களும் வட்டரங்குகளும் நினைவுக்கு வரும். பாடநூல்களும் திரைப்படங்களும் அவ்வாறு பழக்கிவிட்டன. இவற்றைக் காணவே கடல்கடந்து செல்வோரும் உளர். ஆயின், கிள்ளான் நகரில், வண்டிகளின் ஓசை ஓயாத சாலைகளுக்கு அருகே, பழங்கோட்டை ஒன்றின் வாயில் நிற்கிறது. அதனைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுள் அதன் கதையை அறிந்தவர் சிலரே. அது ராஜா மஹ்டியின் கோட்டை.

அரணின் இலக்கணம் தமிழ் மாணவருக்குப் புதிதன்று. திருக்குறளில் அரணுக்கென ஓர் அதிகாரமே உண்டு. நீரும் வெளிநிலமும் மலையும் காடும் சேர்ந்து காப்பதையே வள்ளுவர் அரண் என்று வகுத்தார். கிள்ளான் கோட்டையை இவ்விலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அருகே ஆறு, கடல்நோக்கிய பக்கத்தில் சதுப்புநிலக் காடு, உள்நாட்டுப் பக்கத்தில் அடர்வனம், இவற்றிடையே மேட்டுநிலம். அம்மேட்டில் மண்ணைக் குவித்து அரண் எழுப்பினர். மண்ணரண் மழைக்குக் கரையும். ஆதலின் இன்று எஞ்சியிருப்பது வாயிலும் மண்மேட்டின் சுவடுமே.

ஒரு கோட்டையின் வரலாற்றை அறிய அதன் மதிலின் உயரத்தை அளந்தால் போதாது. அது எதனைக் காத்தது என்று கேட்டல் வேண்டும். ஜெர்மனியில் ரைன் ஆற்றின் கரைகளில் வரிசையாக நிற்கும் இடைக்காலக் கோட்டைகளுள் பல, ஆற்றில் செல்லும் வணிகப் படகுகளிடம் சுங்கம் வாங்குவதற்காகவே எழுந்தவை. காவுப் என்னும் ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுத்திட்டில் அத்தகைய கோட்டை ஒன்றனை லுட்விக் என்னும் ஜெர்மானிய மன்னர் 1327இல் எழுப்பினார். அங்குச் சுங்கம் வாங்கும் வழக்கம் 1867 வரை நீடித்தது. ரைன் ஆற்றில் அவ்வழக்கம் ஓய்ந்த அதே ஆண்டில், கிள்ளான் ஆற்றில் சுங்கத்தின் பொருட்டே ஒரு போர் மூண்டது.

கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியில் தோண்டப்பட்ட ஈயம் ஆற்றின் வழியாகவே கடலை அடைய வேண்டியிருந்தது. சுரங்கத் தொழிலாளருக்கு வேண்டிய அரிசியும் அபினும் கருவிகளும் அவ்வழியாகவே உள்ளே சென்றன. ஆகவே ஆற்றுவாய் எவர் கையில் இருந்ததோ அவர் கையிலேயே அப்பள்ளத்தாக்கின் செல்வமும் இருந்தது. ராஜா மஹ்டியின் தந்தையாகிய ராஜா சுலைமான் முன்னர்க் கிள்ளானை ஆண்டவர். அவருக்குப்பின் அவ்வுரிமை மகனுக்குச் செல்லவில்லை. சுல்தான் முகமது அதனை ராஜா அப்துல்லாவுக்கு வழங்கினார். 1866இல் ராஜா அப்துல்லா, சுங்கம் வாங்கும் உரிமையைச் சிங்கப்பூர் வணிகர்களான வில்லியம் ரீட், டான் கிம் செங் ஆகியோருக்குக் குத்தகைக்கு விட்டார். அரச குலத்தவரான ராஜா மஹ்டி, தாம் கொண்டுவந்த அபினுக்கு வரி செலுத்த மறுத்தார். பழம்பகை போராக வெடித்தது. ராஜா அப்துல்லா மலாக்காவுக்கு ஒதுங்கினார். கிள்ளான் மஹ்டியின் வசமாயிற்று.

வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. கிள்ளான் வருவாயிலிருந்து சுல்தான் அப்துல் சமாட்டுக்குச் சேரவேண்டிய மாதம் 500 வெள்ளியை மஹ்டி தர மறுத்தார். சுல்தானின் மகளை அவருக்கு மணம் முடிக்கும் பேச்சும் முறிந்தது. கெடா அரச குடும்பத்தைச் சேர்ந்த தெங்கு கூடின் அவ்விளவரசியை மணந்து, 1868இல் சுல்தானின் சார்பாளராக அமர்த்தப்பட்டார். 1870இல் அவரும் ராஜா அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயிலும் கிள்ளானைக் கைப்பற்றினர். தோற்ற மஹ்டி வடக்கே சென்றார். சிலாங்கூர் ஆற்றின் முகத்தில் உள்ள கோலசிலாங்கூரைப் பற்றிக்கொண்டார். அங்கும் ஆற்றுவாயைக் காக்கும் குன்றுக்கோட்டை இருந்தது. 1784இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநரின் பெயரைச் சூட்டினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதனை மீட்டார். 1871இல் ‘ரினால்டோ’ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் அக்கோட்டையைப் பீரங்கியால் தாக்கியது. போரின் போக்கில் கோலாலம்பூர் 1872இல் வீழ்ந்து, 1873இல் யாப் ஆ லோய் தரப்பினரால் மீட்கப்பட்டது. போர் முடிந்தபோது சிலாங்கூருக்குள் ஆங்கிலேய ஆலோசகர் நுழைந்துவிட்டார். ராஜா மஹ்டி 1882இல் சிங்கப்பூரில் மறைந்தார். சுங்கத்துக்காகப் போரிட்டோர் இருதரப்பினர். இறுதியில் சுங்கம் சென்று சேர்ந்தது மூன்றாமவரிடம்.

கோட்டைக்குத் துணை பண்டகசாலை. கிள்ளானில் ராஜா அப்துல்லா 1857இல் கட்டிய மாளிகை இன்றும் உள்ளது. வாழும் இல்லமாகவும் ஈயமும் உணவுப் பொருளும் படைக்கலமும் வைக்கும் கிடங்காகவும் அது பயன்பட்டது. பிற்காலத்தில் காவல் நிலையமாகவும் ஈயக் காட்சியகமாகவும் மாறியது. உரோமப் பேரரசின் வலிமையையும் அதன் அரங்குகளைவிடப் பண்டகசாலைகளிலேயே தெளிவாகக் காணலாம். உரோமின் துறைமுகமாகிய ஒஸ்தியாவில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுச் செங்கற் கிடங்கு ஒன்று உண்டு. எபகாத்துஸ், எபப்ரோதித்துஸ் என்னும் இருவர் பெயர் அதன் வாயிலில் பொறிக்கப்பட்டுள்ளது. அவர்கள் அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்றவர்கள் என்று ஆய்வாளர் கருதுவர். தமிழ் மண்ணில், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அங்கிருந்த செங்கற் கட்டடம் ஒன்றனைப் பண்டகசாலை என்றே கொண்டார். மேலைநாட்டு மதுச்சாடிகளின் உடைசல்களும் அங்குக் கிடைத்தன. ஒஸ்தியாவும் அரிக்கமேடும் கிள்ளானும் காலத்தால் வேறுபட்டவை. ஆயினும் நீர்வழியில் வரும் பொருளைச் சேமித்து வைக்கும் தேவை மூன்றிடத்தும் ஒன்றே.

இக்கிடங்கு நிரம்ப உழைத்தோர் யாவர்? கிடங்கு எழுந்த 1857ஆம் ஆண்டிலேயே ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்துக்கு ஈயம் தேட அனுப்பினார். ஒரு திங்களுக்குள் காய்ச்சலுக்கு இரையானோர் போக 18 பேரே எஞ்சினர் என்று வரலாறு கூறும். அவர்கள் பெயர் எந்த வாயிலிலும் இல்லை.

கோட்டைகளின் காலத்தை முடித்துவைத்தது இருப்புப்பாதை. 1886 செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே தொடர்வண்டி ஓடியது. 1890இல் அது ஆற்றைக் கடந்து கிள்ளானை எட்டியது. ஈயம் ஆற்றைவிட்டுத் தண்டவாளத்தில் ஏறியதும், ஆற்றுவாயைக் காத்த அரணுக்கு வேலை இல்லாமற் போயிற்று. இதற்கிடையே, 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்தன. 1882இல் ஆலோசகராகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லாலும் ஓட்டாலும் நகரை மீண்டும் கட்டுமாறு பணித்தார். அச்செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த களிமண் நிலமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. பின்னர் அங்கே இருப்புப்பாதைப் பணிமனையும் தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் அப்பகுதியில் வேரூன்றினர். காடு வெட்டி, மண் சுமந்து, கட்டை அடுக்கி, தண்டவாளம் பதித்த அம்மக்களின் பெயர்களும் எந்தக் கல்லிலும் இல்லை.

கிள்ளானுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் கோட்டை வாயிலை மட்டும் காட்டித் திரும்புதல் தகாது. வாயிலிலிருந்து பண்டகசாலைக்கும், பண்டகசாலையிலிருந்து ஆற்றங்கரைக்கும், அங்கிருந்து தொடர்வண்டி நிலையத்துக்கும் நடத்திச் செல்லுதல் வேண்டும். வழிநெடுக இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இதனால் பயன் பெற்றவர் யார்? இதனைத் தம் கையால் கட்டியவர் யார்? முதல் வினாவுக்கு விடை நூல்களில் உண்டு. இரண்டாவதற்கு விடை, மாணவர் தம் பாட்டன்மாரையும் பாட்டிமாரையும் கேட்டு எழுதி வைத்தாலன்றி, மண்ணரணைப் போலவே கரைந்துவிடும்.