1960களில் பிரித்தானியச் சமூக வாழ்க்கை

1960களில் பிரித்தானியாவின் குடும்பம், சட்டம், இசை, வேலை, குடியேற்றம் ஆகியவற்றில் மிகக் குறுகிய காலத்தில் பெரும் மாற்றங்கள் நிகழ்ந்தன. அக்காலம் என்றதும் பீட்டில்ஸ் இசைக்குழுவும் குட்டைப் பாவாடையும் பலருக்கு நினைவில் வரும். அமெரிக்காவின் டைம் இதழ் 1966 ஏப்ரலில் இலண்டனைத் துள்ளாட்ட நகரமாகச் சித்தரித்து அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. எனினும் நிலைத்து நின்ற மாற்றங்கள் பல நாடாளுமன்றத்திலும் தொழிற்சாலை வாயிலிலும் பேருந்துப் பணிமனையிலும் உருவானவை.

பின்னணி

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபோதும் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. அதன்பின் வேலைவாய்ப்பும் கூலியும் உயர்ந்தன. தொலைக்காட்சிப் பெட்டியும் சலவை இயந்திரமும் தவணை முறையில் சாதாரண வீடுகளுக்குள் வந்தன. இளைஞர்கள் இரண்டாண்டுகள் பணியாற்ற வேண்டிய கட்டாய இராணுவச் சேவைக்கு ஆள் அழைப்பது 1960 இறுதியோடு நின்றது. முந்தைய தலைமுறையினர் தலைமுடியை ஒட்ட வெட்டிச் சீருடை அணிந்த வயதில், இத்தலைமுறையினரிடம் ஓய்வு நேரமும் செலவழிக்கப் பணமும் இருந்தன.

இளைஞர் பண்பாடு

லிவர்பூல் துறைமுக நகரைச் சேர்ந்த பீட்டில்ஸ் குழுவினரின் முதல் தனி இசைத்தட்டு அக்குழுவின் பெயரில் 1962 அக்டோபரில் வெளிவந்தது. பேட்டிகளில் அவர்கள் தங்கள் ஊர்ப் பேச்சு வழக்கை மறைக்கவில்லை. பிபிசி வானொலியில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் நேரத்துக்கு வரம்பு இருந்ததால் இளைஞர்கள் விரும்பிய பாடல்களை அதில் அதிகம் கேட்க இயலவில்லை. இந்த இடைவெளியைப் பயன்படுத்தி ரேடியோ கரோலைன் 1964 மார்ச்சில் கடலில் நின்ற கப்பலிலிருந்து உரிமமின்றி ஒலிபரப்பத் தொடங்கியது. அரசு 1967 ஆகஸ்டில் இத்தகைய நிலையங்களைத் தடை செய்தது. ஆனால் செப்டம்பர் 30 அன்று பிபிசியே ரேடியோ 1 என்ற புதிய அலைவரிசையைத் தொடங்கி, அவற்றின் அறிவிப்பாளர்கள் பலரைப் பணியில் சேர்த்துக்கொண்டது.

சட்டச் சீர்திருத்தங்கள்

மரண தண்டனை, கருக்கலைப்பு போன்ற பொருள்களில் அரசு தானே மசோதா கொண்டுவரத் தயங்கியது. தனி உறுப்பினர்கள் கொண்டுவந்த மசோதாக்களுக்கு விவாத நேரம் ஒதுக்கி, உறுப்பினர்கள் மனச்சான்றின்படி வாக்களிக்க விட்டது. 1965 முதல் 1967 வரை உள்துறை அமைச்சராக இருந்த ராய் ஜென்கின்ஸ் இம்முறைக்குத் துணை நின்றார்.

* 1965: கொலைக்கான மரண தண்டனை நிறுத்தப்பட்டது. கடைசியாக இருவர் 1964 ஆகஸ்ட் 13 அன்று தூக்கிலிடப்பட்டிருந்தனர்.
* 1967: இரு மருத்துவர்களின் ஒப்புதலுடன் கருக்கலைப்புச் செய்ய வழி பிறந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 21 வயது நிறைந்த ஆண்களுக்கிடையே தனிமையில் நிகழும் தன்பாலுறவு குற்றமல்ல என்றாயிற்று.
* 1968: 1737 முதல் சட்டப்படி நடந்துவந்த நாடகத் தணிக்கை ஒழிந்தது.
* 1969: மணவாழ்வு சரிசெய்ய இயலாதபடி முறிந்ததே மணவிலக்குக்கு அடிப்படை என்ற சட்டம் இயற்றப்பட்டது. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது.

பெண்களும் வேலையும்

கருத்தடை மாத்திரை 1961இல் தேசிய நலவாழ்வுச் சேவையில் கிடைக்கத் தொடங்கினாலும், முதலில் பெரும்பாலும் மணமான பெண்களுக்கே தரப்பட்டது. ஊதியத்திலும் பெண்களுக்குச் சம உரிமை இல்லை. 1968 ஜூனில் டாகன்ஹாமிலிருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலையில் இருக்கை உறைகள் தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய பணி குறைந்த திறனுள்ளது என்று தரப்படுத்தப்பட்டு, அதே தரத்து ஆண்களின் கூலியில் 85 விழுக்காடே வழங்கப்பட்டது. உறைகள் இன்றிக் கார் உற்பத்தி நின்றது. அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டதும் கூலி 92 விழுக்காடாக உயர்ந்தது. இப்போராட்டம் 1970ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்துக்கு உந்துதலாயிற்று. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1975 இறுதியில்தான். தங்கள் தையல் வேலை திறன் மிக்கது என்ற ஒப்புதலைப் பெற அத்தொழிற்சாலைப் பெண்கள் 1984இல் மீண்டும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

குடியேறியோர்

போருக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியா, பாகிஸ்தான் நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் மருத்துவமனைகளையும் ஆலைகளையும் போக்குவரத்தையும் இயங்கச் செய்தனர். ஆயினும் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுக்க மறுத்தது. உள்ளூர்த் தொழிற்சங்கக் கிளையும் அதற்கு உடன்பட்டிருந்தது. கை பெய்லி என்ற இளைஞருக்கு அளித்திருந்த நேர்காணலை, அவர் மேற்கிந்தியர் என அறிந்ததும் நிறுவனம் ரத்து செய்தது. பால் ஸ்டீபன்சன், ராய் ஹாக்கெட் முதலியோர் 1963 ஏப்ரல் இறுதியில் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினர். நான்கு மாதங்களுக்குப் பின், ஆகஸ்ட் 28 அன்று, நிறுவனம் இனத்தடையை நீக்கியது. செப்டம்பரில் முதன்முதலாக நடத்துநர் பணியில் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

1965இல் வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களில் காட்டப்படும் பாகுபாட்டை மட்டுமே தடுத்தது. வேலையும் வீடும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இடம்பெற்றன. அதே காலத்தில் 1962, 1968 ஆண்டுகளின் சட்டங்கள் காமன்வெல்த் மக்கள் உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தின. உள்ளிருப்போருக்குப் பாதுகாப்பும் வர விரும்புவோருக்குத் தடையும் ஒரே அரசின் கையால் வந்தன.

மதிப்பீடு

மாற்றத்தை எல்லாரும் வரவேற்கவில்லை. ஆசிரியை மேரி வைட்ஹவுஸ் தொலைக்காட்சியில் ஒழுக்கம் குலைவதாகக் கூறி 1964இல் இயக்கம் தொடங்கினார். சட்டங்களும் எங்கும் ஒரே சீராகப் பரவவில்லை. தன்பாலுறவு பற்றிய சீர்திருத்தம் ஸ்காட்லாந்தில் 1980இலும் வட அயர்லாந்தில் 1982இலுமே வந்தது. வரலாற்றாசிரியர் ஆர்தர் மார்விக் அக்காலத்தைப் பண்பாட்டுப் புரட்சி என்று கருதினார். டொமினிக் சாண்ட்புரூக் பழைய வாழ்க்கை முறையின் தொடர்ச்சியையே வலியுறுத்துகிறார். டாகன்ஹாமும் பிரிஸ்டலும் இரு கருத்துகளுக்கும் இடம் தருகின்றன: அங்கு மாற்றம் உண்மையாகவே வந்தது, ஆனால் அது தானாக வரவில்லை, முழுமையாக வர நெடுங்காலம் பிடித்தது.